தேவகிக்கு அனுப்பிய கைடுகள்

ஆரணி,
20 ஜனவரி 2025

அன்புள்ள தங்கை தேவகிக்கு,

அண்ணன் ஜெயவேல் எழுதுவது. நானும் உன் அண்ணி சூர்யகலாவும் சுகம். பொங்கலுக்கு வந்தபோது இருமிக்கொண்டே இருந்தாயே, குறைந்ததா? தர்மபுரித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கேன் தண்ணீர் வாங்கிக் குடி. அதில் கஞ்சத்தனம் பார்க்காதே.

போன் வேண்டாம், கடிதம் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டாய். கடையில் இத்தனை வருஷம் கம்ப்யூட்டரில் பில் போட்டே கை எழுத மறந்துவிட்டது, மூன்று மணி நேரப் பரீட்சையில் விரல் மரத்துப்போகிறது, கடிதம் எழுதினால் பழகும் என்றாய். சரி. எனக்கும் இது நல்லதுதான். போனில் நீ ஒன்று சொல்வதற்குள் நான் மூன்று சொல்லிவிடுகிறேன்.

பொங்கலன்று நீ சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். முதல் செமஸ்டரில் இரண்டு பேப்பர் போய்விட்டது. வருஷக் கடைசியில் அந்த இரண்டையும் சேர்த்து எல்லாவற்றையும் பாஸ் செய்வாய். ஒன்று நின்றாலும் வக்கீல் படிப்பை மூட்டை கட்டிவிட்டுக் கடைக்கு வந்துவிடுவாய். சொன்னது நீ. நான் கேட்கவில்லை.

முப்பத்தாறு வயதில் காலேஜுக்குப் போனது சரியா தப்பா என்ற பேச்சை நான் விட்டுவிட்டேன். இறங்கியாகிவிட்டது, இனி ஜெயிக்கிற வழியைப் பார்க்க வேண்டும். கூரியரில் கைடு கட்டு ஒன்று வருகிறது. வேலூரில் ஒருவன் கடையைக் காலி செய்கிறான், பாடத்துக்கு ஒன்று வீதம் அள்ளிக்கொண்டு வந்தேன். பெரிய புத்தகத்தைப் பிரிக்காதே. கைடில் கேள்வி, பதில், பாயிண்ட் எல்லாம் தயாராக இருக்கிறது. ரெடிமேட் கிடைக்கும்போது துணி எடுத்துத் தைத்துக்கொண்டிருப்பானா எவனாவது?

உடம்பைப் பார்த்துக்கொள். கட்டு வந்ததும் எழுது.

ஜெயவேல்


தர்மபுரி,
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

தேவகி வணக்கத்துடன் எழுதுவது. இருமல் போய்விட்டது. உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையை மறந்துவிட்டு, பஜ்ஜி தின்றதால்தான் ஏறியது என்று அண்ணியிடம் சொல்லாதீர்கள்.

கைடு கட்டு வந்தது. சிரிக்காமல் எழுதப் பார்க்கிறேன். அதில் குற்றவியல் கைடு முழுக்கப் பழைய தண்டனைச் சட்டம். போன ஜூலையிலேயே அது போய்ப் புதுச் சட்டம் வந்துவிட்டது, பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. கொலைக்கு முந்நூற்று இரண்டு என்று எழுதினால் மார்க் இல்லை. என்னோடு அறையில் இருக்கும் மதிவதனி புரட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, உங்க அண்ணன் பட்டு யாவாரின்னீங்க. பழைய பேப்பர் யாவாரியா?” என்று கேட்டாள். கல்லூரியிலேயே இளையவள், வாய் மட்டும் பெரியது.

ஒப்பந்தச் சட்டக் கைடு நன்றாக இருக்கிறது. அதை வைத்துத்தான் இப்போது படிக்கிறேன். கைடில் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, பிறகு சட்டத்தில் அந்தப் பிரிவைப் படிக்கிறேன். படித்ததை போனில் என் குரலிலேயே பதிவு செய்து, துணி துவைக்கும்போது கேட்கிறேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் மனதில் நிற்கிறது.

ஒரு உதவி. சேலை மடிப்புக்குள் வைக்கிற அட்டையில் ஓரம் கிழிந்ததைத் தூக்கிப்போடுவீர்கள் அல்லவா, அவற்றை அனுப்புங்கள். சிறிதாக வெட்டி ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் எழுதப்போகிறேன். கடையில் விற்கும் அட்டை மெலிசாக இருக்கிறது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தேவகி


ஆரணி,
16 பிப்ரவரி 2025

அன்புள்ள தேவகிக்கு,

எல்லாரும் சுகம். சர்க்கரை இறங்கியிருக்கிறது, பஜ்ஜியும் நின்றிருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று உன் அண்ணி சாதிக்கிறாள்.

ஜரிகையைத் தொட்டுப் பார்த்தே அசலா போலியா என்று சொல்கிறவனுக்குப் பழைய சரக்கைத் தள்ளிவிட்டானே அந்த வேலூர்க்காரன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. போய்ச் சண்டை போடலாம் என்றால் கடையே இல்லை. இந்த முறை புது அச்சா என்று பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கிறேன். அட்டையும் ஒரு சாக்கு வருகிறது.

கட்டுவதற்கு முன் ஒப்பந்தச் சட்டத்தை நானே கொஞ்சம் புரட்டினேன். கண்ணாடிக்குள் சேலையை மாட்டி விலை எழுதி வைத்தால், அது விற்கிறேன் என்று ஒப்புக்கொண்டதாக ஆகாதாம். வாங்க வா என்று கூப்பிட்டதாகத்தான் அர்த்தமாம். கட்டாயம் அந்த விலைக்குக் கொடு என்று எவளும் கேட்க முடியாது. இது தெரியாமல் எத்தனை பேரிடம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

பழைய கேள்வித்தாள்களையும் பிடித்து ஜெராக்ஸ் போட்டிருக்கிறேன். பார்த்தால் எல்லாம் நம் வியாபாரக் கணக்குதான். சில கேள்வி மாம்பழ மஞ்சள் மாதிரி, எந்த முகூர்த்தத்திலும் ஓடும். சில கேள்வி ஒரு தடவை வந்து பிறகு எட்டிப் பார்ப்பதே இல்லை. ஓடுவதற்கெல்லாம் சிவப்பு டிக் போட்டிருக்கிறேன்.

முந்தாநாள் காஞ்சிபுரம் போயிருந்தேன். உன் வீட்டுக்காரர் சுதாகரின் தாய்மாமன் ரங்கசாமி முதலாளி கடைக்குத்தான். உன்னைச் சுதாகர் என் வாசலில் கொண்டுவந்து விட்டுப்போன நாளிலிருந்து முதலாளி முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் என் சரக்கில் பாதி அவருக்குத்தான் போகிறது. ஆவணி முகூர்த்தத்துக்கு நல்ல ஆர்டர் கொடுத்தார். உன்னையும் விசாரித்தார்.

படி. நன்றாகப் படி.

ஜெயவேல்


தர்மபுரி,
8 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். இங்கே வெயில் இப்போதே ஏறிவிட்டது. நீங்கள் நூல்காரர் வீட்டுக்கும் தறிக்காரர் வீட்டுக்கும் மத்தியானத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு அலையாதீர்கள்.

அட்டைகளை வெட்டிவிட்டேன். இப்போது என் வகுப்பில் பாதிப் பேர் பட்டுச்சேலை அட்டையில்தான் படிக்கிறார்கள். மதிவதனி ஒரு கட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். தானாக ஏறுமாம்.

கைடு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பில் எல்லாரிடமும் அதே கைடு, எல்லாரும் எழுதப்போவது அதே உதாரணம். திருத்துகிறவருக்குப் படித்துப் படித்து அலுத்துப்போயிருக்கும். அதனால் பிரிவைக் கைடிலிருந்து எடுத்துக்கொண்டு, உதாரணத்தை நம் கடையிலிருந்து போடுகிறேன். ‘அ’ என்பவர் இன்னும் நெய்யவே தொடங்காத, பாவு ஓடாத சேலைக்கு ‘ஆ’விடம் முன்பணம் வாங்குகிறார் என்று ஆரம்பித்தால் பேனா நிற்பதே இல்லை. மாதிரித் தேர்வில் எங்கள் மேடம் ஓரத்தில் ‘யார் இந்த அ?’ என்று எழுதியிருந்தார்.

அந்தச் சிவப்பு டிக் பயமாக இருக்கிறது. ஆனால் பாடம் மலை போலக் கிடக்கிறது, எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். சட்டவியல் தாளில் மட்டுமாவது எதை விடலாம் என்று பார்த்துச் சொல்லுங்கள். போன தடவை என்னைக் கவிழ்த்தது அதுதான்.

ரங்கசாமி மாமா என்ன விசாரித்தார்? எழுதவில்லையே.

தேவகி


ஆரணி,
25 மார்ச் 2025

அன்புள்ள தேவகிக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். சாப்பாட்டை விட்டுவிட்டுப் படிக்காதே, மயக்கம் வந்தால் படித்ததும் போய்விடும்.

சட்டவியல் தாளைப் பிரித்து மேய்ந்துவிட்டேன். எதை விடலாம் என்பதற்குக் கறுப்புக் கோடு போட்டிருக்கிறேன். உடைமை பற்றிய பெரிய கேள்வி ஒன்று இருக்கிறதே, அதைத் தூக்கிப்போடு. வெகுநாளாக வரவில்லை. வராத கலரை நான் தறியில் ஏற்றுவதில்லை.

இன்னும் இரண்டு கைடு அனுப்புகிறேன். ஒன்று கேள்வி பதில், ஒன்று பரீட்சைக்கு முந்தின நாள் புரட்டுகிற சின்னது. சென்னையில் ஒரு வக்கீல் பாடத்தைப் பேசிப் பதிவு செய்து விற்கிறாராம், அதையும் வாங்கி உன் போனுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். உனக்கு டியூஷன் வேண்டுமா? தர்மபுரியில் யாராவது வக்கீல் இருந்தால் சொல், பேசிவிடலாம். பேனா பத்து அனுப்பட்டுமா, இருபது அனுப்பட்டுமா?

நீ எப்படியும் பாஸாக வேண்டும் தேவகி. எப்படியும். நேற்று கல்லாவில் உட்கார்ந்து கேள்வித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சேலை கேட்டு வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். உன் அண்ணி பிடித்துக்கொண்டாள். “இன்னாங்க, பரீட்சை உங்களுக்கா அவளுக்கா? வந்த கிராக்கிய வுட்டுட்டு இன்னாத்த படிச்சிகினு கீறீங்க? ஒரே பேஜாரா இருக்குது உங்களோட.” எனக்கும் பேஜாராகத்தான் இருக்கிறது. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

வேறு விசேஷம் இல்லை. மற்றதெல்லாம் நேரில்.

ஜெயவேல்


தர்மபுரி,
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அண்ணியும் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கைடு இரண்டும் வந்தன.

நேற்று அவர் வந்தார். ஹாஸ்டல் கேட்டில் நின்றுகொண்டு, வீட்டுக்காரர் வந்திருக்கிறார் என்று சொல்லச் சொன்னாராம். இறங்கிப் போனேன். சுதாகர் இளைத்திருக்கிறார். தேசூரில் அவர் உரக்கடை சரியாக ஓடவில்லை போலிருக்கிறது. கையில் பலாப்பழம்.

“நல்லாகீறியா?” என்றார்.

“இருக்கேன். இன்னா விசயம்?”

“அம்மா படுத்த படுக்கையா கீறாங்க. பாத்துக்க ஆளில்ல. ஒரு சின்ன ரூமு உனக்குப் பெயிண்ட் அடிச்சி வச்சிருக்கேன். ரிசல்ட்டு ஜூலைலதான வரும்?”

“ரிசல்ட்டுக்கும் ரூமுக்கும் இன்னா சம்பந்தம்?”

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். “உனக்குத் தெரியாதா? ஒரு பேப்பர் போனாலும் தேசூருக்கு வந்துடுவன்னு மாமா கேட்டாரு, உங்க அண்ணன் சரின்னு தலையாட்டிட்டாரே. மாசியிலயே பேசி முடிஞ்சிபோச்சி. நான் ஒண்ணும் வம்பு பண்ண வரல தேவகி. நீ படிக்கிறத படி. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பொங்கலன்று நான் சொன்னது கடைக்குத் திரும்புவேன் என்று. தேசூருக்கு என்று சொல்லவில்லை.

அண்ணா, தலையாட்டினீர்களா? ஆம் அல்லது இல்லை, ஒரு வார்த்தை போதும். மே எட்டாம் தேதி முதல் பரீட்சை.

பலாப்பழத்தை ஹாஸ்டலில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டேன்.

தேவகி


ஆரணி,
2 மே 2025

அன்புள்ள தேவகிக்கு,

எல்லாரும் நலம். நீ இப்போது உடம்பையும் மனதையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

பரீட்சை வாசலில் நிற்கிறது. இந்த நேரத்தில் எவனோ வந்து எதையோ சொன்னான் என்று மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. எல்லாம் பிறகு பேசலாம். பாதாம் பருப்பும் பேனாவும் அனுப்பியிருக்கிறேன். தெரிந்த கேள்வியை முதலில் எழுது. எதையும் வெற்றாக விடாதே.

ஜெயவேல்


ஆரணி,
29 மே 2025

அன்புள்ள தேவகிக்கு,

நாங்கள் சுகம். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பரீட்சை எப்படிப் போகிறது என்றுகூடத் தெரியவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. மதிவதனிதான் எடுத்து, “அக்கா எழுதிகினு இருக்காங்க அண்ணா” என்கிறாள். எப்போது அடித்தாலும் எழுதிக்கொண்டே இருக்கிறாய்.

உனக்குத் தெரியாததா. ரங்கசாமி முதலாளி பேரம் பேசும் விதம் உனக்கும் தெரியும். வாயால் முடிக்க மாட்டார். சேலைகளைப் பார்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார், பிடித்த சேலையைத் தன் கையால் மடித்துத் தன் பக்கம் வைத்துக்கொள்வார். வைத்துவிட்டால் முடிந்தது, பிறகு நாம் ஒன்றும் பேசக் கூடாது. அன்றைக்கு உன்னைப் பற்றிக் கேட்டபோதும் அவர் மடித்துக்கொண்டேதான் இருந்தார். அடுக்கு ஏறிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் மனிதனுக்குத் தலை தானாக ஆடும்.

ஒரு பெண் தனியாக எத்தனை நாள் இருப்பாள், நான் போன பிறகு உனக்கு யார் என்று ஒரு எண்ணமும் இருந்தது. அது பொய்யில்லை.

சரி. வெயிலில் மோர் குடி. எழுது.

ஜெயவேல்


தர்மபுரி,
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறேன். இத்தனை நாள் எழுதாததற்கு உடம்பு காரணம் இல்லை. அண்ணிக்குக் கால் வலி தேவலையா?

ரிசல்ட் வந்துவிட்டது. சட்டவியல் தவிர எல்லாம் பாஸ். ஒப்பந்தச் சட்டத்தில் வகுப்பில் இரண்டாவதாக வந்திருக்கிறேன். சட்டவியலில் கொஞ்ச மார்க்கில் போய்விட்டது. நீங்கள் கறுப்புக் கோடு போட்ட அந்த உடைமைக் கேள்விதான் முதல் கேள்வியாக வந்தது. எதையும் வெற்றாக விடாதே என்றீர்களே, அதனால் எதையோ எழுதினேன்.

அதற்காக வருத்தப்படாதீர்கள். விடலாம் என்று நீங்கள் சொன்னீர்கள், சரி என்று எடுத்துக்கொண்டு படிக்காமல் விட்டது நான். அது என் தலையில்தான்.

ஆனால் காஞ்சிபுரத்தில் நீங்கள் ஆட்டியது என் தலை இல்லை.

ஒப்பந்தத் தாளில் ஒரு கேள்வி வந்தது. ஒருவன் இன்னொருவருக்காக, அவரைக் கேட்காமலே, மூன்றாமவரோடு ஒரு பேச்சை முடித்துவிட்டு வருகிறான். அந்தப் பேச்சு அவரைக் கட்டுமா? கட்டாது, அவராகத் தெரிந்து பிறகு ஒப்புக்கொண்டால் ஒழிய. ஒப்புக்கொள்வதும் தள்ளுவதும் அவர் இஷ்டம். எல்லாரும் கைடில் இருக்கிற குதிரை உதாரணத்தை எழுதியிருப்பார்கள். நான் ஒரு பட்டுக்கடையையும் ஒரு தங்கையையும் போட்டு மூன்று பக்கம் எழுதினேன். அந்தக் கேள்விக்கு எனக்குக் கை வலிக்கவே இல்லை.

நான் ஒப்புக்கொள்ளவில்லை அண்ணா. தேசூருக்குப் போகமாட்டேன்.

கடைக்கும் வரப்போவதில்லை. பொங்கலன்று திரும்புவதாகச் சொன்னது நானேதான், என் வாயால் சொன்னது. அதிலிருந்து கழன்றுகொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதைக் காட்டித் தப்பிக்கப்போவதில்லை. சொன்ன சொல்லை மீறுகிறேன், அவ்வளவுதான். அதற்கு நீங்கள் திட்டினால் கேட்டுக்கொள்கிறேன். நின்றுபோன தாளை நவம்பரில் எழுதப்போகிறேன்.

மாத்திரையை விடாதீர்கள்.

தேவகி


ஆரணி,
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தேவகிக்கு,

அண்ணிக்குக் கால் வலி குறைந்துவிட்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. அப்பன் இல்லாத வீட்டில் உன்னைத் தூக்கி வளர்த்தவன் நான், சந்தவாசல் ஊரிலிருந்து பையில் சேலையைச் சுமந்து பஸ்ஸில் போய் விற்றுக் கடை வைத்தவன், எனக்கே சட்டம் சொல்கிறாயா என்று நான்கு பக்கம் எழுதினேன். அண்ணியிடம் படித்துக் காட்டினேன். “அனுப்புங்க, நல்லா இருக்குது. அப்புறம் அவ எப்பவும் எழுத மாட்டா, உங்களுக்கும் தபால் செலவு மிச்சம்” என்றாள். கிழித்துப்போட்டேன்.

நேற்று காஞ்சிபுரம் போனேன். முதலாளி கடையில் கூட்டம். ஆவணிச் சரக்கு முதல் தவணையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டுக்காரர்கள் இரண்டு பேர், கணக்கர், சுதாகரின் சித்தப்பா எல்லாரும் இருந்தார்கள். தனியாகப் பேசலாம் என்றுதான் போனேன். அவரே ஆரம்பித்துவிட்டார்.

“இன்னா ஜெயவேலு, ரிசல்ட்டு வந்துச்சாமே. ஒண்ணு நின்னுபோச்சாம். ஆவணியிலயே கொண்ணாந்து வுட்டுடறியா?”

“இல்லீங்க முதலாளி. அவ வரமாட்டா.”

“வரமாட்டான்னா? நீ சரின்னியே.”

“நான்தான் சரின்னேன். அவளைக் கேக்கல.”

“தங்கச்சியக் கேட்டுகினுதான் தலையாட்டுவியா நீ? அப்போ உன் பேச்சுக்கு இன்னா மதிப்பு?”

“சேலைக்கு என் பேச்ச நம்பலாம் முதலாளி. அவளுக்கு என் பேச்சு செல்லாது.”

முதலாளி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தன் பக்கம் மடித்து வைத்திருந்த அடுக்கை இரண்டு கையாலும் என் பக்கம் தள்ளிவிட்டார். அவர் பழக்கம் உனக்குத் தெரியும், ஆர்டர் போய்விட்டது என்று அர்த்தம். கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். தறியில் இருப்பதற்கெல்லாம் வேறு ஆளைப் பிடிக்க வேண்டும். சேலத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார், பார்ப்போம். அது என் பாடு.

சுதாகருக்கு நானே போன் செய்துவிட்டேன். “அம்மாவுக்கு ஆள் பாத்துக்கறேன் மச்சான்” என்றார்.

உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. வரும் இருபத்துநான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை தர்மபுரிக்கு வரலாமா? நீ சரி என்று எழுதினால்தான் புறப்படுவேன். இல்லை என்றால் இல்லை.

ஜெயவேல்


தர்மபுரி,
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மதிவதனிக்கும் ஒரு தடவை படித்துக் காட்டினேன், அவள் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை.

இருபத்துநான்காம் தேதி வேண்டாம். அன்றைக்குக் கல்லூரியில் மாதிரி நீதிமன்றப் பயிற்சி, நான் வாதிட வேண்டும். மனதை வேறு பக்கம் திருப்ப முடியாது. முப்பத்தொன்று வாருங்கள், பதினோரு மணிக்கு மேல். அண்ணியையும் கூட்டி வாருங்கள். கீழே என் பெயரைச் சொன்னால் இறங்கி வருகிறேன்.

கையில் எதுவும் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

தேவகி